ஆட வரமாட்டேன் என்பது யார் முடிவு? ஆட்டக்காரருடையதா, ஏஜென்ட்டுடையதா?

2025 ஆகஸ்ட் மாதம் முழுக்க வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஒரே பேச்சு. இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து கிளப்பின் ஸ்ட்ரைக்கர் அலெக்சாண்டர் இசாக் அணியோடு சேர மறுக்கிறார், லிவர்பூல் கிளப்புக்குப் போயே ஆகவேண்டும் என்கிறார். மாலைப் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "கையெழுத்து போட்டுட்டு ஆடமாட்டேன்னா என்னா அர்த்தம்?" என்றான் ஒருவன். "அவன் என்னா பண்ணுவான் மச்சி, எல்லாம் ஏஜென்ட் வேலை" என்றான் இன்னொருவன். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

இரண்டாவது பையன் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. ஓர் ஆட்டக்காரர் ஒதுங்கி நின்றால், அவருக்காகக் கிளப்பிடம் பேரம் பேசும் ஏஜென்ட்டை உடனே திட்டுகிறோம். ஒதுங்கி நின்று பெரிய தொகை வாங்கிவிட்டால் "சரியான ஏஜென்ட்" என்று அவரையே புகழ்கிறோம். இரண்டிலும் ஆட்டக்காரர் பொம்மையாகிவிடுகிறார். உண்மையில் அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

காசிமேட்டு ஏலத்திலிருந்து தொடங்குவோம்

விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகம். படகு கரைக்கு வந்து, ஐஸில் புதைத்த வஞ்சிரம் கூடை கூடையாக இறங்குகிறது. படகு ஓனர் ஒரு பக்கம் நிற்கிறார். மீனை ஏலம் விடுபவர் வேறு ஆள். அவருக்கு விற்ற தொகையில் கமிஷன். வியாபாரிகள் கேட்கும் விலை ஓனர் மனதில் இருப்பதைவிடக் குறைவு. ஏலம் விடுபவர் ஓனர் முகத்தைப் பார்க்கிறார். "கொஞ்ச நேரம் பொறுக்கலாம்ணே, இன்னும் ரெண்டு பேர் வருவாங்க" என்று காதோரம் சொல்கிறார். ஓனர் தலையை அசைத்தால் மீன் காத்திருக்கும். அசைக்காவிட்டால் வந்த விலைக்குப் போகும்.

இப்போது வெயில் ஏறுகிறது, ஐஸ் உருகுகிறது, அந்த இரண்டு பேர் வரவே இல்லை என்று வையுங்கள். நட்டம் யாருக்கு? ஓனருக்கு. ஏலம் விடுபவருக்கு அன்றைய கமிஷனில் கொஞ்சம் குறையும், நாளைக்கு வேறு படகு வரும். ஆனால் வியாபாரிகள் வருவார்கள் என்று அவர் தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்? அப்போது அவர் மீது தனியாக ஒரு குற்றம் நிற்கிறது. காத்திருந்த முடிவு ஓனருடையதாகவே இருக்கும். அந்த முடிவுக்கு ஆதாரமாகக் கொடுத்த தகவலுக்கு மட்டும் இவர் பதில் சொல்ல வேண்டும்.

விளையாட்டு உலகில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஐஸில் இருப்பது ஆட்டக்காரரின் வயது.

ஹோல்டவுட் என்பது என்ன

ஒப்பந்தம் அமலில் இருக்கும்போதே, அல்லது அணி தன்னைப் பிடித்துவைக்கும் உரிமை இருக்கும்போதே, சம்பளத்தை மாற்றி எழுதும் வரை ஆட வராமல் ஒதுங்கி நிற்பதற்கு ஹோல்டவுட் என்று பெயர். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்.எஃப்.எல்.லில் இது அதிகம். இசாக் செய்தது கொஞ்சம் வேறு ரகம். அவர் கேட்டது வேறு கிளப்புக்குப் போகும் வழி. ஆயுதம் என்னவோ ஒன்றுதான்: "நான் இல்லாமல் ஆடிப் பார்."

ஸ்ட்ரைக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடசென்னைக்கு ஸ்ட்ரைக் புதிதல்ல. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பி.பி. வாடியா தலைமையில், பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியது. 1921இல் அந்த மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தப் பழக்கத்தில்தான் நாம் ஏஜென்ட்டையும் சங்கத் தலைவர் போல நினைத்துவிடுகிறோம். சங்கத் தலைவர் ஆயிரக்கணக்கான பேரை வழிநடத்துகிறவர். ஹோல்டவுட்டில் நிற்பது ஒரே ஓர் ஆள். ஏஜென்ட் அவர் கமிஷன் கொடுத்து வைத்திருக்கும் ஆள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஏஜென்ட்டுகள் வருவதற்கு முன்பே ஹோல்டவுட் இருந்தது. 1938இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஜோ டிமாஜியோ 40,000 டாலர் கேட்டு ஒதுங்கி நின்றார். அணி 25,000க்கு மேல் ஒரு டாலர்கூடத் தரமாட்டேன் என்றது. சீசன் தொடங்கிய பிறகு அவர் அதே 25,000க்குத் திரும்பி வந்தார், சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். ஆட்டக்காரருக்காக ஏஜென்ட் பேசுவதை கிளப்புகள் ஏற்காத காலம் அது. ஆகவே ஆட மறுக்கும் யோசனையே ஏஜென்ட் மூளையில் பிறந்தது என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஹோல்டவுட் தனி ஆளின் பேரம், பேரத்தில் பணயம் வைக்கப்படுவது அந்த ஆளின் சம்பளமும் வயதும், ஏஜென்ட் பக்கத்தில் நிற்பவர்.

வராத ஆளை இழுத்துவர முடியாதா?

பையன்கள் இதைத்தான் அடிக்கடி கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட ஆளை கோர்ட் மூலம் மைதானத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?

முடியாது. ஒருவரின் தனிப்பட்ட திறமையை நம்பிப் போட்ட ஒப்பந்தத்தை "நீ வந்து செய்தே தீர வேண்டும்" என்று நிறைவேற்றி வைக்க நம் ஊர்ச் சட்டமும் இடம் தருவதில்லை. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர் துடைப்புச் சட்டம் (Specific Relief Act) அதைச் சொல்கிறது. மனமில்லாதவனைப் பாட வைப்பதோ பந்தடிக்க வைப்பதோ நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு இடத்தில் ஆடக்கூடாது என்று கோர்ட் தடுக்கலாம். அணி அபராதம் போடலாம், சம்பளத்தை நிறுத்தலாம்.

என்.எஃப்.எல்.லில் அந்த அபராதம் சாதாரணமானது அல்ல. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2020இல் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி, முதல் ஒப்பந்தத்தைத் தாண்டிய ஆட்டக்காரர் பயிற்சி முகாமுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் 50,000 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஒரு நாளைக்கு 40 லட்சத்துக்கு மேல். முன்பெல்லாம் சமரசம் ஆனதும் "போகட்டும், அபராதம் வேண்டாம்" என்று அணி தள்ளுபடி செய்துவிடும். இப்போது அணியே விரும்பினாலும் தள்ளுபடி செய்யக்கூடாது. முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை பாக்கி இருக்கிறது. அதனால்தான் இன்று பலர் முகாமுக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, பயிற்சியில் மட்டும் இறங்காமல் பேரம் பேசுகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் காட்சியை ஏன் பார்ப்பதில்லை என்றால், ஐ.பி.எல்.லில் விலையை ஏலம் தீர்மானித்துவிடுகிறது. பேரம் பேச இடமே குறைவு. விலகினால் தண்டனையும் உண்டு. 2025 சீசனுக்கு டெல்லி கேபிடல்ஸ் 6.25 கோடிக்கு எடுத்த ஹாரி ப்ரூக், சீசனுக்கு முன் விலகியதால் இரண்டு ஆண்டு தடை வாங்கினார்.

முதலாளி யார்?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏஜென்ட் யார் என்பதை 182ஆம் பிரிவில் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்யவோ, அவர் சார்பில் மூன்றாம் ஆட்களிடம் பேசவோ அமர்த்தப்பட்டவர்தான் ஏஜென்ட். அமர்த்துகிறவரை ஆங்கிலச் சட்டநடையில் பிரின்சிபல் என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு "முதலாளி" என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் முதலாளி, ஏஜென்ட் அவர் வைத்த ஆள். கோட் சூட்டும் ஆங்கிலமும் ஏஜென்ட்டிடம் இருப்பதால் நம் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

இதே சட்டத்தில் ஏஜென்ட்டின் கடமைகள் வரிசையாக வருகின்றன. முதலாளி சொன்னபடி நடக்க வேண்டும் என்கிறது 211ஆம் பிரிவு. அந்தத் தொழிலில் வழக்கமாக எதிர்பார்க்கும் திறமையோடும் அக்கறையோடும் செய்ய வேண்டும், அலட்சியத்தால் நட்டம் வந்தால் ஈடு கட்ட வேண்டும் என்கிறது 212. சிக்கல் வந்தால் முயன்று முதலாளியைத் தொடர்புகொண்டு அவர் சொல்லைக் கேட்க வேண்டும் என்கிறது 214. முடிவெடுக்கும் உரிமை பொதுவாக ஏஜென்ட்டுடையது அல்ல. முதலாளி எவ்வளவு தூரம் அனுமதித்தாரோ அவ்வளவு தூரம்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. என்.எஃப்.எல். ஏஜென்ட்டுகள் ஆட்டக்காரர் சங்கத்திடம் அனுமதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். கமிஷன் அதிகபட்சம் 3 சதவீதம். ஆட்டக்காரர் ஐந்து நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்தால் போதும், ஏஜென்ட்டை மாற்றிவிடலாம். ஐந்து நாளில் அனுப்பிவிடக்கூடிய ஒருவரை எப்படி எஜமான் என்பது?

நம் உச்ச நீதிமன்றமும் ஆட்டக்காரர் பக்கம் நின்ற ஒரு வழக்கு உண்டு. பந்துவீச்சாளர் ஜாகீர் கானுக்கும் அவரது விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த பெர்செப்ட் டி'மார்க் நிறுவனத்துக்கும் மூன்றாண்டு ஒப்பந்தம் இருந்தது. அது 2003இல் முடிந்த பிறகும், வேறு ஏஜென்சிக்குப் போகும் முன் எங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்றது நிறுவனம். ஒப்பந்தக் காலம் முடிந்த பின் ஒருவரின் தொழிலைக் கட்டிப்போட முடியாது என்று 2006இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பெல் ஒதுங்கி நின்ற ஆண்டு

ஹோல்டவுட் என்றாலே பலர் நினைவுக்கு வருபவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லெவியான் பெல். 2018இல் அணி அவர்மீது பிராஞ்சைஸ் டேக் போட்டது. ஒப்பந்தம் முடிந்த முக்கிய ஆட்டக்காரரை, ஒரு பெரிய தொகையை நீட்டி இன்னும் ஓராண்டு தன்னிடமே வைத்துக்கொள்ள அணிக்கு இருக்கும் உரிமைதான் அது. தொகை 14.54 மில்லியன் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். பெல் கையெழுத்துப் போடவில்லை. ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை. அந்தத் தொகையில் ஒரு டாலர்கூட வரவில்லை.

அவருடைய ஏஜென்ட் அடிசா பகாரி ஊடகங்களில் நிறையப் பேசினார். அதனால் "ஏஜென்ட் கெடுத்துவிட்டான்" என்பது பொதுக்கருத்தானது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியிலேயே, மறுபடி டேக் போட்டால் ஆடாமல் இருப்பதையோ ஓய்வு பெறுவதையோ யோசிப்பேன் என்று பெல் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அவர் பந்தோடு ஓடும் இடத்தில் ஆடுபவர். உடம்பு சீக்கிரம் தேயும் இடம் அது. ஓராண்டுச் சம்பளத்துக்காக அடிபட்டுக்கொள்ள அவர் விரும்பவில்லை. 2019 மார்ச்சில் நியூயார்க் ஜெட்ஸ் அணி நான்கு ஆண்டுக்கு 52.5 மில்லியன் தந்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 13.1 மில்லியன், வேண்டாம் என்று விட்ட ஓராண்டுத் தொகையைவிடக் குறைவு. அவர் கணக்கு தப்பியது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அது அவர் கணக்கு. ஏஜென்ட் தலையில் வைப்பது பெல்லுக்குச் செய்யும் மரியாதையும் அல்ல.

எல்லா ஹோல்டவுட்டும் இப்படி முடிவதில்லை. 1993இல் டாலஸ் கவ்பாய்ஸின் எம்மிட் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை. அணி இரண்டிலும் தோற்றது. உடனே நான்கு ஆண்டுக்கு 13.6 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டார்கள், அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றார்கள். கிளப்பின் வலி தெரிந்த பிறகுதான் பேரம் நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

யார் பையிலிருந்து எவ்வளவு

பெல்லின் தொகையையே எடுத்துக்கொள்வோம். 14.54 மில்லியனில் உச்சவரம்பான 3 சதவீதத்தையே வைத்தாலும் சுமார் 4,36,000 டாலர். ஏஜென்ட் இழந்தது அதைத் தாண்டியிருக்காது. மீதி முழுக்க பெல் இழந்தது. ஏஜென்ட்டுக்கு வேறு ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், இன்னும் இருபது முப்பது ஆண்டு தொழிலும் இருக்கும். பெல்லுக்கு அந்த வயது ஒரு முறைதான்.

அப்படியென்றால் ஏஜென்ட் எப்போதும் "காத்திரு" என்றுதான் சொல்வாரா? இல்லை, இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். இன்னும் ஒரு மில்லியன் கூட்டி வாங்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினால் ஏஜென்ட்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 30,000 டாலர். சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது அவருக்கு லாபமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், சாதனைத் தொகை வாங்கித் தந்தால் புதிய ஆட்டக்காரர்கள் தேடி வருவார்கள், அதற்காக இழுக்கவும் ஆசை வரலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் லாபமும் ஆட்டக்காரர் லாபமும் முழுக்க ஒன்றல்ல. கொடுக்கும் ஆலோசனையில் அந்தச் சாய்வு கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல ஏஜென்ட்டின் தொழில் தர்மம்.

ஏஜென்ட் விலகிய பிறகும் நின்ற ஹோல்டவுட்

யார் முடிவு என்ற கேள்விக்கு 2024இல் ஒரு நேரடி விடை கிடைத்தது. நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்ட ஹசான் ரெடிக் புதிய ஒப்பந்தம் கேட்டு வரவே இல்லை. முகாம் போனது, சீசன் தொடங்கியது, ஆட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அக்டோபரில் அவருடைய ஏஜென்சியான சி.ஏ.ஏ. அவரைவிட்டு விலகியது. எல்லாம் ஏஜென்ட் வேலை என்றால் அன்றைக்கே அவர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. டுரூ ரோசன்ஹாஸ் என்ற வேறு ஏஜென்ட்டை அமர்த்தி, அணியோடு புதிய ஏற்பாடு பேசி முடித்த பிறகுதான் வந்தார். அதற்குள் ஏழு ஆட்டம் போய்விட்டது.

ஏஜென்ட் மாறினார், ஹோல்டவுட் மாறவில்லை. அது யாருடையது என்று இதற்குமேல் வாதம் தேவையில்லை. அதேநேரம் பேச்சுவார்த்தைக்குப் புது ஆள் வந்ததும் வழி பிறந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பேசும் திறமை ஏஜென்ட்டுடையது, அதற்கு அவர் பொறுப்பு.

ஆகவே இந்தப் பொறுப்பை ஐம்பதுக்கு ஐம்பது என்று வெட்ட முடியாது. இங்கே இருப்பது இரண்டு தனித்தனிப் பொறுப்பு. ஆடுவதா வேண்டாமா என்ற முடிவும் அதன் விளைவும் ஆட்டக்காரருடையது. வந்த விலையை மறைக்காமல் சொன்னாரா, அபராதத்தையும் ஆபத்தையும் எண்ணிக்காட்டினாரா, சொன்னதை மாற்றாமல் கிளப்பிடம் கொண்டுபோனாரா என்பது ஏஜென்ட்டுடையது. ஒருவர் தவறினார் என்பதால் மற்றவர் கணக்கு குறைவதில்லை.

நம் பையன்களுக்கு இது பொருந்துமா

இங்கேதான் எனக்குத் தயக்கம். மேலே சொன்னதெல்லாம் வக்கீல் வைத்துக்கொள்ளக் காசு இருக்கும் ஆட்டக்காரர்களைப் பற்றியது. பத்தொன்பது வயதுப் பையன், வீட்டில் யாருக்கும் ஆங்கிலப் பத்திரம் படிக்கத் தெரியாது, ஷூ வாங்கித் தந்ததும் அக்கா கல்யாணத்துக்குப் பணம் புரட்டித் தந்ததும் அதே ஏஜென்ட். அந்தப் பையன் "சரி சார்" என்று சொன்னால் அது எந்த அளவுக்கு அவன் முடிவு? சட்டத்துக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஒருவரின் மனதை அடக்கும் இடத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்திச் சம்மதம் வாங்கினால், அதை ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தகாத செல்வாக்கு என்கிறது.

எங்கள் மைதானத்துப் பையன் ஒருவன், நல்ல லெஃப்ட் பேக். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அணி அவனைக் கூப்பிட்டது. அவனுக்காகப் பேசிய ஆள் "வெயிட் பண்ணு தம்பி, பெரிய எடம் பாத்துட்டு இருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தம்பி காத்திருந்தான். பதிவுக்கான தேதி முடிந்தது. அதன்பிறகு ஒரு டீக்கடையில், அதே அணி இரண்டாவது முறை தொகையைக் கூட்டிக் கேட்டதாக வேறொரு ஆட்டக்காரன் சொல்லித்தான் இவனுக்குத் தெரியும். அந்த இரண்டாவது விலையை ஏஜென்ட் இவனிடம் சொல்லவே இல்லை. வீட்டில் அவன் அம்மா இன்றும் "நீதானே வேணாம்னு சொன்ன" என்கிறார். அந்த மெசேஜை அவன் போனிலிருந்து அழிக்கவில்லை, எனக்குக் காட்டினான். இப்போது துறைமுகப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறான்.

அவன் வேண்டாம் என்று சொன்னது முதல் விலைக்கு. இரண்டாவது விலைக்கு அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அவனிடம் வரவில்லை. அந்த முடிவை எடுத்தது ஏஜென்ட், அதன் பொறுப்பும் முழுக்க அவருடையது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல நான் இரண்டு முறை முயன்றேன்.

அதற்குப் பிறகு யாராவது பத்திரத்தோடு வந்தால் நாங்கள் முதலில் பத்திரத்தைப் பிரிப்பதில்லை. எங்கள் எதிரிலேயே ஏஜென்ட்டுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்கிறோம்: "அண்ணா, எனக்காக இதுவரைக்கும் யார் யார் கேட்டாங்க, எவ்ளோ சொன்னாங்க, எழுதி அனுப்புங்க." போன மாதம் ஒரு கோல்கீப்பர் பையன் அப்படி அனுப்பினான். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. அதில் இரண்டு கிளப் பெயர் இருந்தது. அவனுக்கு அதுவரை ஒன்றுதான் தெரியும்.